பத்திரத்தில் ஏறிய தேனீ

அப்பா சொன்னது மெல்லிசை.
கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்த ரொக்கியா அக்கா
தட்டச்சில் அடித்தது மெலிசா.
மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்ததாம்,
பின்னால் பதினேழு பேர் வரிசையாம்,
அன்றிரவு பட்டர்வொர்த்தில்
ஒரு கல்யாணக் கச்சேரியாம்.
பாங்கோ இரண்டையும் கக்கத்தில் இடுக்கியபடி
கையெழுத்தைப் போட்டுவிட்டு
பெர்ரிக்கு ஓடியிருக்கிறார்.

ஓர் ஐகாரம் ஆகாரமாகிப் போனது
அம்மா கண்ணில்தான் முதலில் பட்டது,
மூன்று மாதம் கழித்து,
நனைந்த பத்திரத்தைக்
கொடியில் காயப்போட்டபோது.
மனு எழுதிப் போட்டால் திருத்தலாம் என்றார்கள்.
மனு அலமாரியில் இருக்கிறது,
தேதி மட்டும் போடவேண்டும்.

ஜெலுத்தோங் தமிழ்ப்பள்ளியில்
‘பேரு மெலிசா, ஆளு தடிசா’
என்று பாட்டுக் கட்டியவன் தயாபரன்.
அந்தப் பாட்டு இடைநிலைப்பள்ளி வரைக்கும்
என்னோடு பஸ் ஏறி வந்தது.
மெலி என்பது நம் மொழியில் ஒரு கட்டளை.
நான் அதற்குக் கீழ்ப்படியவே இல்லை.
நாசி கண்டார் கடையில் குழம்பைக்
கொட்டு, இன்னும் கொட்டு என்பேன்.

இப்போது பீச் ஸ்ட்ரீட்டில்
பல் மருத்துவர் ஓங்கின் கிளினிக்.
பெயர் எழுதிய பித்தளைத் துண்டை
நெஞ்சில் குத்திக்கொண்டு உட்காருவேன்.

போன பங்குனியில் ஒருவன் வந்தான்,
கப்பல்காரன், கிரேக்கத்துக்காரன்,
வலது கன்னம் பன் ரொட்டியாய் உப்பியிருந்தது.
பாரத்தை வாங்கியவன்
பித்தளைத் துண்டைப் பார்த்தான்.
மெலிசா, என்றான்,
ஏதோ தன் தெருக்காரியைக் கண்டவன்போல.
சிரிக்கப் போய், வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.
அப்புறம் விரலை என் மூக்குக்கு நேரே சுற்றிச் சுற்றி
‘ஸ்ஸ்ஸ்’ என்றான்.

நான் கொசு என்று நினைத்தேன்.
எனக்கு வாய்ப்பது அப்படித்தானே.

இல்லை இல்லை என்று
மருந்துச்சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினான்.
எட்டுக் கால் போட்டிருந்தான்,
இரண்டு அதிகம்.
மெலி என்றால் தேன், எங்கள் ஊரில்;
மெலிசா, அதைச் சேர்ப்பவள்.
அரைகுறை ஆங்கிலம், வீங்கிய வாய்,
எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.
அரை மணி கழித்து
கடைவாய்ப் பல்லைப் பஞ்சில் சுற்றி
பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

முப்பத்தெட்டு வருஷமாய்
எனக்குள் ஒரு ஈ இருந்திருக்கிறது,
ஒருவரும் சொல்லவில்லை.
பழந்தமிழில் தேடிப் பார்த்தேன்:
சுரும்பு, தும்பி, ஞிமிறு.
அப்பா மட்டும் ஞிமிறு என்று சொல்லியிருந்தால்
ரொக்கியா அக்கா அன்றைக்கே
வேலையை விட்டிருப்பார்.

இது நடந்து ஆறேழு வாரம் இருக்கும்.
எங்கள் அடுக்குமாடியின் நாலாவது மாடியில்,
லிப்ட் பக்கத்துத் தண்ணீர்க் குழாயில்,
பலாப்பழம் அளவுக்கு வந்து தொங்கியது கூட்டம்.
துணி எடுக்கப் போன வீடுகளெல்லாம்
கதவைச் சாத்திக்கொண்டன.
நான்தான் போன் பண்ணினேன்.
பொம்பா ஆட்கள் இருட்டிய பிறகு வந்தார்கள்.
இதிலே வேலை செய்வது எல்லாமே பெண்தான், அக்கா,
என்றான் தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு பையன்.
படிவத்தில்
புகார் கொடுத்தவர் பெயர் கேட்டான்.
மெலிசா, என்றேன்.
எஸ் ஒன்றா, இரண்டா?
இரண்டு.
என்னைத் தவிர வேறு யாருக்கும்
சிரிப்பு வரவில்லை.

வெளியே வராதீர்கள் என்று அவர்கள் கத்தக் கத்த
அப்பா கதவைத் திறந்தார்,
கைலியோடு, கண்ணாடி இல்லாமல்.
குழாய்ப் பக்கம் தலையைச் சாய்த்து நின்றார்.
கட்டைவிரல்
நிலைக்காலில் ஒரு முறை தட்டியது, நிறுத்தியது,
மறுபடி தட்டியது.

‘ஆறரைக் கட்டை,’ என்றார்.
‘விலகாமல் நிக்குறாளுக.’

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு
ஜன்னலை மட்டும்
ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்தார்.